கட்சி தோற்றால் கடவுளும் தோற்றாரா?

தேர்தல் நேரம் வந்தால் எங்கள் கன்னிவாடியில் இரண்டு வகை ஆட்களைப் பார்க்கலாம். ஒரு வகையினர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, "இவனுக வந்தா நாடு தொலைஞ்சுது" என்று நாள் முழுக்கப் பேசுவார்கள். இன்னொரு வகையினர் காதைக் கொடுக்கவே மாட்டார்கள். "எவன் வந்தாலும் நாமதான் உழைச்சுத் திங்கணும், சாமி பாத்துக்கும்" என்று சொல்லிவிட்டு, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றக் கிளம்பிவிடுவார்கள்.

மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டாவது ஆள்தான் பக்திமான் என்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒருவர் பயத்தைக் கத்தித் தீர்க்கிறார், இன்னொருவர் சாமி பெயரைச் சொல்லி அதை மூடி வைக்கிறார். அவ்வளவுதான்.

நான் சி.எஸ்.ஐ. சபைக்காரன். சபையில் வாலிபப் பிள்ளைகள் கேட்கிறார்கள்: "அண்ணே, டிவியைத் திறந்தா சண்டை, போனைத் திறந்தா சண்டை. இந்தக் காலத்துல ஒரு விசுவாசி எப்படி இருக்கணும்? அரசியலே வேணாம்னு ஒதுங்கிக்கவா, இல்ல இறங்கிப் பேசவா?" தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போகிற என் நண்பர்களுக்கும் வேறு வார்த்தைகளில் இதே கேள்விதான். ஆலோசனையாகச் சொன்னால் காற்றோடு போய்விடும். இந்த மலையடிவாரத்தில் வாழ்ந்து காட்டிய ஒருவரை வைத்துச் சொல்லலாம் என்று உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உள்ளே பார்க்கிற வேலை.

பிடிக்காத தலைவர் ஒருவர் மேல் ஊழல் புகார் வருகிறது. செய்தியைப் படிக்கும்போது மனசில் என்ன ஓடுகிறது? மக்கள் பணம் போச்சே என்ற வருத்தமா, மாட்டினான்டா என்ற சந்தோஷமா? என்னைக் கேட்டால், பெரும்பாலும் சந்தோஷம்தான் முதலில் ஓடி வருகிறது. வருத்தம் அப்புறமாக, ஒப்புக்கு எட்டிப் பார்க்கிறது. அதே புகார் நமக்குப் பிடித்தவர் மேல் வந்தால், "இது சதி" என்று மனசு வக்கீல் கோட்டை மாட்டிக்கொள்கிறது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும், நீதியின் மேல் நமக்கு எவ்வளவு அக்கறை என்பது தெரிந்துவிடும்.

கிறிஸ்தவர்கள் உள்ளத்தைச் சோதிப்பதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் 139-ஆம் சங்கீதத்தின் கடைசிப் பகுதியை எடுப்பார்கள். தேவனே, என்னை ஆராய்ந்து பாரும் என்ற கருத்தில் தாவீது கேட்கிற ஜெபம். ஆனால் அதற்கு நேர் முன்னால் என்ன வருகிறது என்பதை யாரும் சொல்வதில்லை. துன்மார்க்கரை அழித்துவிடும், உம்முடைய பகைவர்களை நானும் முழு மனசோடு பகைக்கிறேன் என்று அந்த ஆள் கொதித்துக்கொண்டிருக்கிறார்! அந்தக் கொதிப்பு அடங்குவதற்கு முன்பே, என் உள்ளத்தைப் பாரும், என்னிடம் ஏதாவது தவறான வழி இருக்கிறதா பாரும் என்று கேட்டுவிடுகிறார். கோபம் தணிந்து, குளித்து முழுகி, அமைதியாக உட்கார்ந்து கேட்ட ஜெபம் இல்லை அது. கோபத்தின் நடுவில் கேட்டது. நமக்கும் அந்த நேரம்தான் சரியான நேரம். ஃபார்வர்டு பட்டனில் விரல் இருக்கிற அந்த நொடி.

இன்னொரு சோதனையும் உண்டு. ஞாயிறு ஆராதனையில் நாட்டை ஆள்கிறவர்களுக்காக ஜெபிக்கிற பகுதி வருகிறதல்லவா? பிரதமர், முதல்வர் என்று வரிசையாகச் சொல்லும்போது எந்தப் பெயருக்கு ஆமென் சத்தமாக வருகிறது, எந்தப் பெயருக்குத் தொண்டைக்குள்ளேயே நின்றுவிடுகிறது என்று கவனித்துப் பாருங்கள். அதிகாரிகளுக்காக ஜெபியுங்கள் என்று முதல் தலைமுறைக் கிறிஸ்தவர்களுக்குச் சொல்லப்பட்டபோது அவர்களை ஆண்டது ரோமப் பேரரசு. அவர்களுடைய ஆண்டவரைச் சிலுவையில் அறைந்த அரசு. அவர்கள் ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த ஆட்சி அல்ல அது.

சரி, மலையடிவாரத்து மனிதருக்கு வருகிறேன்.

ரால்ஃப் ரிச்சர்ட் கெய்த்தான். அமெரிக்காவின் மின்னசோட்டாக்காரர். 1925-இல் அமெரிக்கன் மதுரை மிஷனின் மிஷனரியாக இங்கே வந்தார். அந்த மிஷன் 1834-இல் மதுரையில் வேலை தொடங்கியது. திண்டுக்கல்லும் அதன் பழைய நிலையங்களில் ஒன்று. 1845-இல் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டியவர்களும் அந்த மிஷன்காரர்கள்தான். சமவெளியின் வெக்கைக்கும் காய்ச்சலுக்கும் தப்பி மலையேறினார்கள். கெய்த்தானும் அந்த ஏற்பாட்டுக்குள்தான் வந்து சேர்ந்தார். ஆனால் பங்களாவும் வேலைக்காரர்களுமாக இருந்த மிஷனரி வாழ்க்கை அவருக்கு ஒட்டவில்லை. கிராமத்து ஜனங்களிடம் போனார், கதர் கட்டினார், காந்தியிடம் ஈர்க்கப்பட்டார்.

அந்தக் காலத்தில் பிரிட்டிஷார் அல்லாத மிஷனரிகளுக்கு ஒரு நிபந்தனை இருந்தது. சட்டப்படி அமைந்த அரசுக்குக் கீழ்ப்படிவோம், அரசியலில் கலந்துகொள்ள மாட்டோம் என்று உறுதிமொழி கொடுத்தால்தான் இங்கே வேலை செய்யலாம். கெய்த்தானும் அந்த உறுதிமொழிக்குள் இருந்தவர்தான்.

1930 வந்தது. மார்ச் மாதம் தண்டி யாத்திரை. ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார். யாத்திரைக்கு முன்னால் வைஸ்ராய் இர்வினுக்குக் காந்தி எழுதிய கடிதத்தை டெல்லிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவர் ரெஜினால்ட் ரெனால்ட்ஸ் என்ற இளம் ஆங்கிலேயர். குவேக்கர் கிறிஸ்தவர். அவர் மதுரைப் பக்கம் வந்தபோது கெய்த்தான் தன் வீட்டில் விருந்தாளியாகத் தங்க வைத்தார். செய்தது அவ்வளவுதான். வந்தவருக்குச் சோறும் படுக்க இடமும் கொடுத்தார். அரசுக்கு அது பொறுக்கவில்லை. மிஷனுக்கு நெருக்கடி வந்தது. மிஷன் கெய்த்தானைக் கைவிட்டது. அதே ஆண்டு அவர் இந்தியாவை விட்டுப் போக வேண்டியதாயிற்று.

இந்த இடத்தில் நின்று நிதானமாக யோசிக்க வேண்டும். மிஷனில் இருந்தவர்களை வில்லன்களாகப் பார்ப்பது சுலபம். அவர்கள் நிலையையும் பாருங்கள். பள்ளிக்கூடங்கள், ஆஸ்பத்திரிகள், அங்கே படிக்கிற பிள்ளைகள், சம்பளம் வாங்குகிற உபதேசிமார். ஒருவர் செய்த காரியத்தால் எல்லாவற்றுக்கும் பூட்டு விழுந்தால்? "தேவனுடைய ஊழியம் பாதிக்கப்படக் கூடாது" என்றுதான் அவர்களும் நினைத்திருப்பார்கள். உண்மையான கவலைதான். ஆனால் அந்தக் கவலைக்குள் அரசைப் பகைத்துக்கொள்ளும் பயமும் கலந்திருந்தது. எது பயம், எது பொறுப்பு என்று உள்ளே இருக்கிறவர்களால் பிரித்துப் பார்க்க முடிவதில்லை. இன்றைக்கும் கோயிலோ சபையோ பள்ளிவாசலோ, நிர்வாகக் குழு கூட்டங்களில் இதே பேச்சுதான் நடக்கிறது. "ஆளுங்கட்சியைப் பகைச்சுக்காதீங்க, நம்ம ஸ்தாபனம் இருக்கு." இதைச் சொல்கிறவர் கோழையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் தன்னைத்தானே ஒரு கேள்வி கேட்க வேண்டியவர்: நான் காப்பாற்றுவது கடவுளின் வேலையையா, என் கட்டடத்தையா?

கெய்த்தான் பக்கமும் ஒரு கேள்வி உண்டு. அநியாயத்தால் வெளியேற்றப்பட்டவன் மனசில் கசப்பு ஊறும். அதில் ஊறியே பாதி வாழ்க்கை போய்விடும். அவருக்கு அப்படிப் போகவில்லை என்பதற்கு அவர் சொன்ன வார்த்தைகளை நான் சாட்சியாக எடுக்கவில்லை, அவர் செய்ததை எடுக்கிறேன். சில ஆண்டுகளில் திரும்பி வந்தார். பெங்களூரில் ஏழை ஜனங்கள் நடுவில் வேலை செய்தார். 1944-இல் பிரிட்டிஷ் அரசு அவரை மறுபடி நாட்டை விட்டு அனுப்பியது. இரண்டாவது முறை! 1947-இல் இந்தியா விடுதலை அடைந்த பிறகு மறுபடி வந்தார்.

இந்த மூன்றாவது வருகைதான் எனக்கு முக்கியம். அவர் ஆதரித்த பக்கம் ஜெயித்துவிட்டது. வெளியேற்றிய அரசு மூட்டை கட்டிவிட்டது. "அன்னைக்கே சொன்னேன்ல" என்று மேடையேறிக் கணக்குத் தீர்க்க நல்ல சந்தர்ப்பம். அவர் எங்கே போனார் தெரியுமா? திண்டுக்கல் சீமைக்கு. சின்னாளப்பட்டி பக்கம் 1947-இல் டாக்டர் சௌந்திரமும் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கிய காந்திகிராமத்தோடு சேர்ந்தார். கிராமக் கல்வி, நிலம், சர்வோதயம் என்று இந்தச் சுற்றுவட்டாரத்திலேயே மீதி வாழ்நாளைக் கழித்தார். இங்கிருந்து எட்டிப் பார்க்கிற தூரத்தில் ஒட்டன்சத்திரத்தில் கிறிஸ்டியன் ஃபெல்லோஷிப் ஆஸ்பத்திரி இருக்கிறதே, 1955-இல் டாக்டர் ஏ.கே. தரியனும் டாக்டர் ஜேக்கப் செரியனும் தொடங்கியது, அந்த மருத்துவர்கள் இந்த வறண்ட ஊருக்கு வந்ததிலும் கெய்த்தானின் தூண்டுதல் உண்டு. எங்கள் பக்கத்து ஜனங்களுக்குக் கெய்த்தான் பெயர் தெரியாது, அந்த ஆஸ்பத்திரி தெரியும். அவர் 1984-இல் இறந்தார்.

யோசித்துப் பார்த்தால், பக்கம் தோற்றபோதும் ஜெயித்தபோதும் அவர் செய்தது ஒரே வேலைதான். யாருக்கு என்ன தேவை என்று பார்த்து, அவர்களோடு போய் உட்கார்ந்தார். கடவுளை நம்புவது என்றால் என்ன என்று என்னைக் கேட்டால் இதைத்தான் காட்டுவேன். நம் ஆள் ஜெயித்தால்தான் நல்லது நடக்கும் என்று காத்துக்கொண்டிருக்கிறவனுடைய நம்பிக்கை கடவுள் மேல் இல்லை, வாக்கு எண்ணிக்கையின் மேல் இருக்கிறது.

கெய்த்தானோடு பழகி வளர்ந்தவர் சங்கரலிங்கம் ஜெகந்நாதன். அவரும் பட்டிவீரன்பட்டிப் பக்கத்துப் பெண்ணான கிருஷ்ணம்மாளும், நாடு விடுதலை அடைந்த பிறகே கல்யாணம் என்று காத்திருந்து 1950-இல் மணந்தார்கள். ஜெகந்நாதன் வெள்ளைக்காரன் ஆட்சியில் சிறைக்குப் போனார். அது எல்லாருக்கும் புரியும். 1975-இல் நெருக்கடி நிலை வந்தபோது பீகாரில் ஜெயப்பிரகாஷ் நாராயணனின் இயக்கத்தில் இருந்தார், மறுபடி சிறை. இந்த முறை சிறையில் போட்டது, எந்த சுதந்திரத்துக்காகப் போராடினாரோ அந்த சுதந்திர நாட்டின் அரசு. கட்சியை நம்பிய மனிதராக இருந்திருந்தால் அத்தோடு மனசு உடைந்து வீட்டில் உட்கார்ந்திருப்பார்.

நடுவில் 1968 டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் இரவு. கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 தலித் ஜனங்கள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். நாடே கொதித்தது, அறிக்கைகள் வந்தன. ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் தஞ்சைப் பக்கம் போய் அந்த ஜனங்களோடு தங்கினார்கள். 1981-இல் லாஃப்டி என்ற அமைப்பைத் தொடங்கி, மிராசுதாரர்களிடம் நிலத்தை விலை பேசி, வங்கிக் கடன் ஏற்பாடு செய்து, நிலமில்லாத பெண்கள் பெயரில் பதிவு செய்தார்கள். அவ்வளவு பெரிய கொடுமைக்குப் பிறகு மிராசுதாரர்களிடம் போய் உட்கார்ந்து பேச எப்படி மனசு வந்தது? உட்கார்ந்து பேசினார்கள் என்பதால் சமரசம் செய்துகொண்டார்கள் என்று சொல்ல முடியாது. போராட்டம், உண்ணாவிரதம், சிறை எல்லாமே இருந்தது. ஆனால் எதிராளியை அழிப்பது அவர்கள் திட்டத்தில் இல்லை. நிலம் கைமாற வேண்டும், அது இருந்தது. மனசைச் சோதிக்காதவனால் இந்த இரண்டையும் பிரிக்க முடியாது.

"அதெல்லாம் பெரிய மனுசங்க கதை, எங்க வீட்டுச் சண்டைக்கு என்ன சொல்றீங்க?" என்று கேட்பீர்கள். நியாயம்தான்.

நம்ம மாவட்டத்துக் கதையே இருக்கிறது. 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டுத் தனிக்கட்சி கண்டார். 1973 மே மாதம் திண்டுக்கல் நாடாளுமன்ற இடைத்தேர்தல். புதுக் கட்சியின் மாயத்தேவர் இரட்டை இலையில் நின்று ஜெயித்தார். ஸ்தாபன காங்கிரஸ் இரண்டாமிடம், ஆண்டுகொண்டிருந்த தி.மு.க. மூன்றாமிடம். நேற்று வரை ஒரே கொடியைப் பிடித்தவர்கள் ஒரே வீட்டுக்குள் இரண்டு கொடி பிடித்த காலம் அது. அண்ணன் தம்பி பேச்சு நின்றது, சம்பந்தம் முறிந்தது என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். அதன் பிறகு தலைவர்கள் எத்தனை முறை கூட்டணி மாறினார்கள், யார் யாரோடு மேடையில் கை கோத்தார்கள் என்பது ஊருக்கே தெரியும். மேடையில் கை கோத்தவர்களுக்குப் பழசு மறந்துவிட்டது. பேச்சு நின்ற வீடுகளில் சிலது அப்படியே நிற்கிறது.

இன்னும் பின்னால் போனால், கன்னிவாடி ஒரு பாளையம். நாயக்கர் ஆட்சி, ஹைதர் அலி, திப்பு சுல்தான், 1792-க்குப் பிறகு கிழக்கிந்தியக் கும்பினி என்று ஆண்டவர்கள் மாறிக்கொண்டே இருந்த மண். கும்பினியை எதிர்த்த விருப்பாச்சி கோபால் நாயக்கரை 1801-இல் திண்டுக்கல்லில் தூக்கிலிட்டார்கள். அந்தந்தக் காலத்தில் வாழ்ந்தவர்களுக்கு ஒவ்வொன்றும் உலகமே முடிந்ததுபோல் இருந்திருக்கும். இதைச் சொல்வது, "எல்லாம் கடந்து போகும், பேசாம இரு" என்று சொல்வதற்காக அல்ல. கோபால் நாயக்கர் பேசாமல் இருக்கவில்லை. கெய்த்தானும் இருக்கவில்லை. ஆட்சி மாறும், ஆனால் அந்தச் சமயத்தில் நீ எப்படி நடந்துகொண்டாய் என்ற கணக்கு மாறாது. அதைத்தான் சொல்கிறேன்.

பைபிளில் இதற்கு எனக்குப் பிடித்த ஆள் எரேமியா. 32-ஆம் அதிகாரம். பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாரின் படை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது. நகரம் விழப்போகிறது என்று உண்மையைச் சொன்னதற்காக, சொந்த ராஜாவான சிதேக்கியாவே எரேமியாவைக் காவலில் வைத்திருக்கிறான். இன்றைய பாஷையில் சொன்னால் தேசத் துரோகி. அந்த நேரம் பார்த்து உறவுக்காரர் அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் இருக்கிற என் நிலத்தை வாங்கிக்கொள் என்கிறார். எதிரிப் படை சுற்றி நிற்கிற மண்ணை எவனாவது காசு கொடுத்து வாங்குவானா? எரேமியா 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து வாங்குகிறார். பத்திரம் எழுதி, சாட்சிக் கையெழுத்து வாங்கி, முத்திரை போட்டு, நாள்பட்டு இருக்கட்டும் என்று மண்பானைக்குள் வைக்கச் சொல்லித் தன் உதவியாளர் பாருக்கிடம் கொடுக்கிறார். இந்த மண்ணில் மறுபடி வீடும் வயலும் வாங்குகிற காலம் வரும் என்பதற்கு அது அடையாளம்.

கவனியுங்கள், நகரம் விழாது என்று எரேமியா பொய் சொல்லவில்லை. அது விழுந்தது. கெட்டது நடக்கும் என்பதும் அவருக்குத் தெரியும், அதற்குப் பிறகும் கடவுள் இருப்பார் என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்துத் தெரிந்த ஒருவரால்தான் முற்றுகைக்குள் பத்திரம் எழுத முடியும். "எல்லாம் நல்லதே நடக்கும்" என்பதை விசுவாசம் என்று நினைக்கிறவர்களும், "எல்லாம் போச்சு" என்பதை விவரம் என்று நினைக்கிறவர்களும் இந்த அதிகாரத்தை ஒரு தடவை படித்துப் பார்க்கலாம்.

வாலிபப் பிள்ளைகளுக்கு நான் கொடுத்த கேள்விகளை இங்கேயும் எழுதிவிடுகிறேன். ராத்திரி படுக்கிறதுக்கு முன்னால் கேட்டுப் பாருங்கள்.

எதிர்க் கட்சிக்காரர் செய்த நல்லது ஒன்றையாவது என்னால் வாய்விட்டுச் சொல்ல முடிகிறதா? முடியவில்லை என்றால் நான் நியாயம் பேசவில்லை, வழக்காடிக்கொண்டிருக்கிறேன்.

என் கட்சி செய்த தப்பு ஒன்றை என் கட்சிக்காரர்கள் நடுவில் சொல்லியிருக்கிறேனா? எதிராளிகள் நடுவில் இருந்துகொண்டு எதிராளியைத் திட்டாமல் இருப்பது நாகரிகம். சொந்த ஆட்கள் நடுவில் உண்மை பேசுவதுதான் தைரியம்.

நாட்டைப் பற்றி இன்றைக்கு நான் பேசின நேரத்தில், இந்த ஊரில் யாருக்காவது உபயோகமாக ஏதாவது செய்தேனா? முதியோர் பென்ஷன் மனு எழுதிக் கொடுப்பதும், வார்டு கவுன்சிலரிடம் போய்த் தண்ணீர்க் குழாயைப் பற்றிக் கேட்பதும் அரசியல்தான். டிவி விவாதம் பார்ப்பதைவிட நல்ல அரசியல்.

நாளைக்கு நான் வெறுக்கிற ஆள் ஜெயித்துவிட்டால், நாளன்றைக்கு நான் செய்யப்போகிற நல்ல காரியம் எது? இதற்குப் பதில் இருந்தால் உங்களுக்குக் கடவுள் நம்பிக்கை இருக்கிறது.

ஒதுங்கவா, இறங்கவா என்று கேட்ட பிள்ளைகளுக்கு என் பதில்: இறங்குங்கள். ஓட்டுப் போடுங்கள், அநியாயத்தைக் கேள்வி கேளுங்கள், தேவைப்பட்டால் மனு கொடுங்கள், ஊர்வலம் போங்கள். கடவுள் எந்தக் கட்சியிலும் உறுப்பினர் அட்டை வாங்கியவர் இல்லை என்பதை மட்டும் மனசில் வைத்துக்கொண்டு இறங்குங்கள். இதைப் படிக்கிற நீங்கள் அரசியல் காரணமாக யாரோடாவது பேச்சை நிறுத்தியிருந்தால், அடுத்த தேர்தல் முடிவு வருகிற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே போன் போட்டு, "சாப்பிட்டியா?" என்று கேளுங்கள். கருத்தை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.